ரிப்போர்ட்டில் குளோர்பைரிபாஸ் "பிடிஎல்" என்றால் கிணறு சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

செம்மண்காடு (கேள்வி)

வணக்கம். திண்டிவனம் வட்டாரத்தில் விலைக்கு வரும் மூன்று ஏக்கர் செம்மண் நிலம், நடுவில் ஒரு திறந்த கிணறு. வாங்கினால் இயற்கை விவசாயத்துக்கு மாற்றுவதாகத் திட்டம். கிணற்றுத் தண்ணீர் பாசனத்துக்கும் வேண்டும், குடிக்கவும் வேண்டும்.

நிலத்தில் போட்ட மருந்துகளின் விவரம் ஓரளவு கிடைத்திருக்கிறது. நிலக்கடலைக்கு வேர்ப்புழுவுக்கும் கரையானுக்கும் பட்டத்துக்குப் பட்டம் குளோர்பைரிபாஸ் 20 ஈசி (20 சதவீதத் திரவ மருந்து), ஏக்கருக்கு ஒரு லிட்டர் கணக்கு. டிக்கா இலைப்புள்ளிக்குக் குளோரோதலோனில், மேங்கோசெப். தடை வரும்வரை போரேட் 10ஜி குருணை. 2011க்கு முன் பருத்தி போட்ட வருடங்களில் எண்டோசல்பான்.

கிணற்று நீரை ஒரு லேபில் கொடுத்ததில் பிஎச் 8.2. குளோர்பைரிபாஸ், எண்டோசல்பான், போரேட், மாலத்தியான் நான்குக்கும் "பிடிஎல்" (கண்டறியும் அளவுக்குக் கீழே) என்று வந்திருக்கிறது. மண்ணைச் சோதிக்கவில்லை.

மருந்து சிதைந்து வேறு பொருளாக மாறும், சில சமயம் அந்தப் பொருள் மருந்தைவிட மோசமாக இருக்கும் என்கிறார்கள். இந்தப் பட்டியலில் எது எதுவாக மாறும், எவ்வளவு காலம் நிற்கும், எதைத் தேடிச் சோதிக்க வேண்டும்? மாதிரி எடுப்பதில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

---

எச்சமேசை

முதலில் ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை. "பிடிஎல்" என்பதற்கு, அந்தக் கருவியில், அந்த முறையில், அந்த ஒரு பொருள் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கிறது என்பது மட்டுமே பொருள். அந்த அளவு எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் எண்ணாகப் போட்டிருக்க வேண்டும். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் வரை பார்க்கும் லேபும் "பிடிஎல்" என்றுதான் எழுதும், 10 மைக்ரோகிராமுக்குக் கீழே தெரியாத லேபும் அதையேதான் எழுதும். எண் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, எந்தெந்தப் பொருளைத் தேடினார்கள் என்பது. நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 பட்டியலிலேயே இதற்கு விடை இருக்கிறது. எண்டோசல்பானுக்கு 0.4 மைக்ரோகிராம் என்று சொல்லும்போது ஆல்பா, பீட்டா, சல்பேட் மூன்றையும் அது குறிப்பிடுகிறது. டிடிடி என்றால் டிடிஈ, டிடிடி வழி வரும் மற்றவை எல்லாம் சேர்த்து 1 மைக்ரோகிராம். ஆல்ட்ரினும் அது ஆக்சிஜனேறி உண்டாகும் டைல்ட்ரினும் சேர்ந்து 0.03. ஆனால் குளோர்பைரிபாஸுக்கு 30 மைக்ரோகிராம் என்பதோடு நிறுத்திவிட்டது, சிதைவுப் பொருளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தரத்தில் இல்லாததை லேப் தானாகத் தேடாது. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய பெயர்கள்: குளோர்பைரிபாஸ் சிதைந்து வரும் 3,5,6-ட்ரைகுளோரோ-2-பிரிடினால், சுருக்கமாக டிசிபி. எண்டோசல்பான் சல்பேட். போரேட் சல்பாக்சைடு, போரேட் சல்போன். குளோரோதலோனிலுக்கு ஆர்417888, ஆர்471811. மேங்கோசெப்புக்கு எத்திலீன்தயோயூரியா, அதாவது ஈடியூ. மாலத்தியான் நீங்கள் சொன்ன வரலாற்றிலேயே இல்லை. லேபின் வழக்கமான தொகுப்பில் இருந்ததால் போட்டிருக்கிறார்கள். அந்தக் காசை டிசிபிக்குப் போட்டிருந்தால் உங்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி ரிப்போர்ட்டுகள் கெட்டுப்போகின்றன. குளோர்பைரிபாஸ் காரத்தன்மையுள்ள நீரில் வேகமாகச் சிதையும். 25 டிகிரியில், பிஎச் 8-ல் அதன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) சில வாரங்கள்தான். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். உங்கள் நீர் 8.2. அதை பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, வெயிலில் நின்ற பஸ்ஸில் பார்சல் போட்டு, லேப் மேசையில் ஒரு வாரம் வைத்திருந்தால், இருந்த குளோர்பைரிபாஸில் ஒரு பகுதி வழியிலேயே டிசிபியாகிவிடும். இன்னொரு பகுதி பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு "பிடிஎல்" வருவதில் வியப்பில்லை.

சரியான முறை: ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டில், உட்பூச்சுள்ள மூடி. மோட்டாரை 10 முதல் 15 நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மேலே காற்று இடம் விடாமல் விளிம்புவரை நிரப்புங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட கிணறு என்றால் லிட்டருக்கு 80 மில்லிகிராம் சோடியம் தயோசல்பேட் சேர்த்து மிச்சக் குளோரினைத் தீர்த்துவிடுங்கள். ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து அன்றே லேபில் சேருங்கள். 7 நாளுக்குள் பிரித்தெடுப்பு முடிய வேண்டும். கோடையில் ஒரு மாதிரி, ஐப்பசி மழை இரண்டு மூன்று பெய்து ஊற்று ஏறியபின் ஒரு மாதிரி. கோடை மாதிரி மட்டும் பார்த்தால், மழையோடு இறங்கும் பொருள் கண்ணில் படாது.

மண்ணுக்கு உரப் பரிசோதனைக்கு எடுப்பதுபோல் எடுக்கக் கூடாது. நிழலில் உலர்த்தி, பாலித்தீன் பையில் போட்டு அனுப்புவது சத்துப் பரிசோதனைக்குச் சரி. இதற்கு அது கேடு. உலர்த்தும்போதே ஆவியாவது ஆவியாகி, வெயில் பட்டது சிதைந்து, கிடைக்கும் எண் குறைந்துவிடும். நெளிநெளியாக நடந்து 12 முதல் 15 இடங்களில் 0–15 செ.மீ. ஒரு தொகுப்பு, 15–30 செ.மீ. தனித் தொகுப்பு. கலந்து நான்காகப் பிரித்துக் குறைத்து அரை கிலோ. ஈரத்தோடேயே அலுமினியத் தாளில் சுற்றிக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிரில் அனுப்புங்கள்.

லேபிடம் கேட்க இன்னும் ஒன்று உண்டு. பெரும்பாலான லேப்கள் கெச்சர்ஸ் முறையில் எடுக்கின்றன: 10 கிராம் மாதிரி, மண் காய்ந்திருந்தால் 10 மி.லி. நீர், 10 மி.லி. அசிட்டோநைட்ரைல், 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் உப்பு, சிட்ரேட் உப்புகள். அதன்பின் சுத்திகரிக்க பிஎஸ்ஏ என்ற பொடியைச் சேர்ப்பார்கள். டிசிபி ஒரு அமிலம், அமில வலிமையைக் காட்டும் பிகேஏ எண் 4.5 அளவு. பிஎஸ்ஏ அமிலங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொடி. ஆக அதே சாற்றில் டிசிபியையும் பார்த்தால் "இல்லை" என்று வந்துவிடும். டிசிபிக்குப் பிஎஸ்ஏ படாத சாற்றை எடுத்து, எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவியில் எதிர்மின் அயனி முறையில் ஓட்ட வேண்டும். ஈடியூ தண்ணீரோடு அதிகம் ஒட்டும் பொருள், அதுவும் இந்த முறையில் சரியாக வராது, தனி முறை வேண்டும். சுருக்கமாகக் கேட்க: "டிசிபியைத் தெரிந்த அளவு சேர்த்துப் பார்த்த மீட்பு எத்தனை சதவீதம்?" 70 முதல் 120-க்குள் என்றால் ஏற்கலாம். பதில் சொல்லாத லேபுக்கு இந்த மாதிரியைக் கொடுக்காதீர்கள்.

---

வேர்மண்டலம்

மேலே எச்சமேசை சொன்னது முழுக்கச் சரி. மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன். உங்கள் பட்டியலில் உள்ள ஐந்து மருந்துகளும் ஐந்து விதமாக நடந்துகொள்ளும். "சிதைந்தால் நல்லது", "சிதைந்தால் மோசம்" என்று ஒரே வரியில் சொல்ல முடியாது.

குளோர்பைரிபாஸ் மண்ணோடு இறுக ஒட்டும். ஒட்டும் தன்மையைக் காட்டும் கேஓசி எண் 6000 அளவில். தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சொச்சம்தான் கரையும். ஆகவே அது கிணற்றுக்குப் போவது அரிது. டிசிபிக்கு அந்த எண் 150 அளவுதான், காரமான மண்ணில் அது மின்னேற்றத்தோடு இருப்பதால் இன்னும் குறையும். நிலத்தடிக்கு இறங்குமா என்று பார்க்க கஸ் குறியீடு என்று ஒரு எளிய கணக்கு உண்டு: அரை ஆயுளின் மடக்கையை, (4 − கேஓசியின் மடக்கை) ஆல் பெருக்க வேண்டும். 1.8-க்குக் கீழே இறங்காது, 2.8-க்கு மேலே இறங்கும்.

குளோர்பைரிபாஸுக்கு 30 நாள், 6000 என்று வைத்தால்: 1.48 × 0.22 = 0.33. டிசிபிக்கு 60 நாள், 150 என்று வைத்தால்: 1.78 × 1.82 = 3.24. ஒன்று மேல்மண்ணிலேயே கிடக்கும், அதன் சிதைவுப் பொருள் கிணறு நோக்கி இறங்கும். உங்கள் லேப் எது இறங்காதோ அதைத் தண்ணீரில் தேடி, எது இறங்குமோ அதை விட்டுவிட்டிருக்கிறது. அரை ஆயுள் மண்ணுக்கு மண் மாறும் என்பதை மறக்க வேண்டாம், ஆனால் எந்த நியாயமான எண்ணைப் போட்டாலும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மறையாது.

எவ்வளவு வரக்கூடும் என்பதற்கும் ஒரு உச்சவரம்புக் கணக்கு போடலாம். ஏக்கருக்கு ஒரு லிட்டர் 20 ஈசி என்றால் 200 கிராம் மருந்து. மூலக்கூறு எடை 350.6, டிசிபிக்கு 198.4. ஆக முழுவதும் மாறினாலும் 113 கிராம் டிசிபி. ஏக்கர் 4047 சதுர மீட்டர். வருடத்தில் 100 மி.மீ. மழைநீர் கீழே இறங்குவதாகக் கொண்டால் ஏறக்குறைய 4,05,000 லிட்டர். எல்லாமே இறங்கினால் லிட்டருக்கு 280 மைக்ரோகிராம். அப்படி நடக்காது, பெரும்பகுதி மேலேயே மேலும் சிதைந்து கரியமில வாயுவாகும். 1 சதவீதம் இறங்கினால் 2.8 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் குடிநீரில் ஒரு பூச்சிக்கொல்லிக்கு 0.1 மைக்ரோகிராம்தான் வரம்பு என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டிசிபிக்கு இன்னொரு குணம், அது நுண்ணுயிர்களை ஒடுக்கும். பல மருந்துகளை ஒரே நிலத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அதைத் தின்னும் பாக்டீரியா பெருகி, மருந்து சீக்கிரமே தீர்ந்துவிடும். குளோர்பைரிபாஸில் அப்படி நடப்பது குறைவு. காரணம், சேரும் டிசிபி அந்தப் பாக்டீரியாவையே அடக்கிவிடுகிறது. பட்டத்துக்குப் பட்டம் போட்ட நிலத்தில் இது முக்கியம்.

எண்டோசல்பான் நேர் எதிர். காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அதை எண்டோசல்பான் சல்பேட்டாக மாற்றும். நச்சில் மூலத்துக்கு இணை, ஆயுளில் மூலத்தைவிட நீளம். ஆல்பா, பீட்டா, சல்பேட் மூன்றையும் சேர்த்த மொத்த எச்சத்துக்கு 9 மாதம் முதல் 6 ஆண்டுவரை அரை ஆயுள் மதிப்பிடப்பட்டிருக்கிறது. காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்தது 2000-த்தோடு நின்ற பிறகும் மண்ணிலும் வண்டலிலும் சல்பேட்டைத் தேடவேண்டியிருந்தது இதனால்தான். கடைசியாக 2011-ல் போட்டதாக வைத்து, மோசமான 6 ஆண்டுக் கணக்கை எடுத்தால் 12 ஆண்டில் கால் பங்கு மிஞ்சும். இது தண்ணீரில் இருக்காது. மேல்மண்ணில், வாய்க்கால் அடியில், குட்டை வண்டலில் இருக்கும். மழையில் மண் அரித்து ஓடிச் சேரும் தாழ்ந்த மூலையிலிருந்து ஒரு மாதிரி தனியாக எடுங்கள், மற்றதோடு கலக்காதீர்கள். அந்தக் குட்டையில் மீன் விடும் எண்ணம் இருந்தால் வண்டல் ரிப்போர்ட் வரும்வரை விடாதீர்கள். மீனுக்கு எண்டோசல்பானும் சல்பேட்டும் மைக்ரோகிராம் அளவிலேயே கொல்லும்.

எண்டோசல்பான் காரநீரில் சிதைந்தால் டயால் என்ற பொருள் வரும், அதன் நச்சு மிகக் குறைவு. அதே மருந்து, வழி மாறினால் விளைவும் மாறுகிறது. இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் சுண்ணாம்பு போட்டு மண்ணைக் காரமாக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். மண்ணில் ஒட்டிக்கிடப்பதைச் சுண்ணாம்பு எட்டாது, குளோர்பைரிபாஸை இன்னும் வேகமாக டிசிபியாக்கி, அந்த டிசிபியை இன்னும் எளிதாகக் கீழே நகர வைக்கும். ஏற்கனவே 8.2 நீர் பாயும் நிலத்தில் இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் போவது தனிக் கஷ்டம்.

போரேட் சில நாளிலேயே சல்பாக்சைடாகும், பிறகு மெதுவாகச் சல்போனாகும். இரண்டும் மூலத்தைப் போலவே நரம்பு நொதியைத் தடுப்பவை. நீரில் கரையும், வேர் உறிஞ்சும். இதே குடும்ப நடத்தையை உடைய ஆல்டிகார்ப் என்ற குருணைதான் 1979-ல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களின் கீழ் கிணறுகளில் அகப்பட்டது. மணற்பாங்கு, அமில மண், மேலோட்ட நீர்மட்டம். அங்கே கிணற்றில் இருந்தது ஆல்டிகார்பைவிட அதன் சல்பாக்சைடும் சல்போனும்தான். உங்கள் நிலத்தில் போரேட் நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன (31.12.2020-ல் தடை), நீர் காரம், ஆகவே இதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

---

கடலைக்கொல்லை

இரண்டு பேரும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு டிசிபி என்ற பெயரைக் கண்டாலே நல்ல நிலத்தைக் கைவிடுவோர் உண்டு.

டிசிபி நரம்பு நொதியைத் தடுப்பதில்லை. எலிக்கு வாய்வழி பாதிப்பேரைக் கொல்லும் அளவு குளோர்பைரிபாஸுக்கு கிலோ எடைக்கு 150 மில்லிகிராம் சுற்றளவில், டிசிபிக்கு 800 சுற்றளவில். மேல்நீரில் வெயில் பட்டால் டிசிபி மணிக்கணக்கில் சிதையும். வெயில் எட்டாத மண்ணாழத்திலும் கிணற்றின் அடியிலும்தான் அது நீடிக்கும். 2 மைக்ரோகிராம் டிசிபி உள்ள நீரால் பாசனம் செய்வதைத் தடுக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. குடிப்பதைப் பற்றி வேறு கருத்து இருக்கலாம்.

அதோடு டிசிபி கிடைத்தாலே அது குளோர்பைரிபாஸிலிருந்து வந்தது என்று முடிவுகட்ட முடியாது. ட்ரைக்ளோபைர் என்ற களைக்கொல்லியும், குளோர்பைரிபாஸ்-மெத்தில் என்ற தானியக் கிடங்கு மருந்தும் அதே பொருளாகத்தான் சிதைகின்றன. சிறுநீரில் டிசிபி அளந்து "இத்தனை மருந்து உடம்புக்குள் போயிருக்கிறது" என்று சொல்வதிலும் இதே ஓட்டை. உணவில் ஏற்கனவே சிதைந்து கிடந்த டிசிபியைத் தின்றாலும் அது அப்படியே வெளியேறும்.

என் கவலையெல்லாம் மேங்கோசெப்பில்தான். அது மண்ணிலும் நீரிலும் ஓரிரு நாளில் உருக்குலைந்துவிடும். அதனால் "சீக்கிரம் போய்விடும், பத்திரமான மருந்து" என்று கடைகளில் சொல்லி விற்கிறார்கள். அது போய்விட்டு விடுவது ஈடியூ. தைராய்டு சுரப்பியைத் தடுக்கும் பொருள் அது, கர்ப்பிணிகள் விஷயத்தில் குறிப்பாகக் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் மேங்கோசெப் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டது.

இதில் சமையலறைக்கு நேரடிச் சங்கதி ஒன்று உண்டு. காய் மேல் ஒட்டியிருக்கும் மேங்கோசெப் கொதிக்கும்போது ஈடியூவாக மாறும். ஆகவே தக்காளி, மிளகாய், உருளை எதுவானாலும் அடுப்பில் ஏற்றும் முன்பே ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். மேங்கோசெப் உள்ளே ஊடுருவாத மருந்து, மேலே நிற்பதுதான், கழுவினால் நிறையப் போகும். வெந்தபின் கழுவி ஒன்றும் ஆகாது. சாம்பாருக்கு முழுத் தக்காளியைக் கழுவாமல் வேகவைத்துத் தோலுரித்து, அந்த நீரையும் ஊற்றுவது இந்த விஷயத்தில் ஆக மோசமான முறை.

---

செம்மண்காடு

நன்றி. இரண்டு சந்தேகங்கள். கிணற்றைத் தூர் வாரியதும் பிளீச்சிங் பவுடர் போடுவது இங்கே வழக்கம். அது சிதைவுப் பொருட்களை என்ன செய்யும்? இன்னொன்று, கிணற்றிலிருந்து 20 அடியில் பழைய மோட்டார் ரூம், அதன் அடித்தளத்துக்குக் கரையான் மருந்து அடித்திருக்கிறார்கள். அதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

---

குடிநீர்க்குழாய்

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் பெரியது.

கட்டடத்துக்குக் கரையான் மருந்து அடிக்கும் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். வழக்கமான முறையில் 20 ஈசி ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் நீர், 1 சதவீதக் கரைசல், அடித்தளத்தில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். அதாவது சதுர மீட்டருக்கு 50 கிராம் மருந்து. உங்கள் வயலில் ஏக்கருக்கு 200 கிராம் என்பது சதுர மீட்டருக்கு 0.05 கிராம். ஆயிரம் மடங்கு! அந்தச் செறிவில் மண்ணின் நுண்ணுயிர் செயலிழந்துவிடும், அரை ஆயுள் வாரக்கணக்கு மாறி மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீளும். 10 சதுர மீட்டர் அறை ஒன்றில் அரை கிலோ குளோர்பைரிபாஸ் இருக்கும். உங்கள் மூன்று ஏக்கருக்கும் ஒரு பட்டத்தில் போட்டது 600 கிராம். வயலைவிட அந்த அறைதான் கிணற்றுக்கு அருகில் இருக்கும் மூலம். அறைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு மண் மாதிரி எடுத்து, குளோர்பைரிபாஸ், டிசிபி இரண்டும் பாருங்கள். கூரை நீர் அந்த அடித்தளத்தின் மேல் விழுந்தால் இன்றே குழாய் போட்டுத் திருப்பிவிடுங்கள்.

இனி பிளீச்சிங் பவுடர். கிணற்றில் குளோர்பைரிபாஸ் முழு மருந்தாகவே இருந்தால், குளோரின் அதிலுள்ள கந்தகத்தை நீக்கி ஆக்சிஜனை ஏற்றிவிடும். கிடைப்பது குளோர்பைரிபாஸ் ஆக்சான். உடம்புக்குள் கல்லீரல் செய்யும் அதே வேலையைக் கிணற்றிலேயே செய்துமுடிக்கிறோம். நரம்பு நொதியைத் தடுப்பது உண்மையில் இந்த ஆக்சான்தான், மூலத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வீரியம் என்று வைத்துத்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குடிநீருக்கான கணக்கையே போடுகிறது. நல்ல செய்தி, ஆக்சான் நிலைப்பதில்லை. நடுநிலை நீரில் சில நாள், காரநீரில் இன்னும் விரைவாக டிசிபியாகிவிடும். வெறும் டிசிபி மட்டும் இருக்கும் நீரில் குளோரின் போட்டால் ஆக்சான் உண்டாகாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் மாதிரி எடுங்கள், மூல மருந்து இல்லை என்று தெரிந்தபின் பவுடர் போடுங்கள். கரையான் மருந்து கிணற்றில் சிந்திவிட்டது என்று தெரிந்தால், "கிருமி நீக்கம்" என்று சொல்லி பவுடர் போடுவது செய்யக்கூடாத முதல் காரியம். நீரைக் காய்ச்சுவதும் பயன்படாது.

சுத்திகரிப்பு என்பதே சில நேரம் சாதுவான சிதைவுப் பொருளை நஞ்சாக்கும் என்பதற்கு ஜெர்மனியில் நடந்ததுதான் தெளிவான உதாரணம். டோலைல்ஃபுளூவானிட் என்ற பூஞ்சைக்கொல்லி மண்ணில் சிதைந்து டைமெத்தில்சல்ஃபமைடு ஆகும். அது தன்னளவில் பெரிய நஞ்சில்லை, ஆனால் நிலத்தடி நீரில் இறங்கிவிட்டது. நீரேற்று நிலையத்தில் ஓசோன் செலுத்தியபோது அது என்டிஎம்ஏ என்ற வலுவான புற்றுநோய்க் காரணியாக மாறியது. 2006, 2007 வாக்கில் கண்டுபிடித்ததும் வெளிப்புறப் பயன்பாட்டை நிறுத்தினார்கள். இங்கே அந்த மருந்தைத் தேட வேண்டியதில்லை. கேன் தண்ணீர் ஆலைகளில் ஓசோன் விடுகிறார்களே, மூலநீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விடுவது சரியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

குளோரோதலோனிலைப் பற்றி யாரும் விரிக்கவில்லை. உங்கள் பட்டியலில் குடிநீருக்கு நீண்டகாலத் தலைவலி அதுதான். மூல மருந்து சீக்கிரம் சிதையும். ஆர்471811 என்ற சிதைவுப் பொருள் ஏறக்குறைய சிதைவதே இல்லை, மண்ணிலும் ஒட்டுவதில்லை. சுவிட்சர்லாந்து 2020 தொடக்கத்தில் மருந்தையே தடைசெய்தது, தானியம் விளையும் சமவெளிகளின் நிலத்தடி நீரில் 0.1 மைக்ரோகிராமைத் தாண்டிய இடங்கள் ஏராளம். அங்கே நீர்நிலையங்கள் கிணறுகளை மூடவும், வேறு ஊற்றோடு கலக்கவும், சவ்வு வடிகட்டி போடவும் வேண்டிவந்தது. தமிழ்நாட்டில் டிக்காவுக்கு அடிக்கும் மருந்துதானே என்று இதை லேபில் யாரும் கேட்பதில்லை.

வடிகட்டி விஷயம்: தேங்காய் ஓட்டுக் கரி குளோர்பைரிபாஸையும் ஆக்சானையும் நன்றாகப் பிடிக்கும். பிஎச் 8-ல் மின்னேறிய டிசிபியை அவ்வளவாகப் பிடிக்காது, கரியைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். ஆர்471811 கரியில் நிற்காது. குடிக்க மட்டும் ஆர்ஓ போடுங்கள். கழிவு நீரைக் கிணற்றோரம் விட்டால் அது செறிவாகத் திரும்பக் கிணற்றுக்கே வரும், தூரமாக நிழல்மரப் பாத்திக்கு விடுங்கள்.

பாசனத்துக்கு ஒரு எளிய உதவி: இறைத்த நீரை முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத திறந்த தொட்டியில் ஒரு பகல் நல்ல வெயிலில் வைத்துப் பாய்ச்சினால் டிசிபி பெருமளவு குறையும். ஆழமான தொட்டியிலும் பாசி பச்சையாய்ப் படர்ந்த தொட்டியிலும் வெயில் அடிவரை போகாது, பலன் இருக்காது.

---

எச்சமேசை

கடலைக்கொல்லை சொன்னதில் பாசனம் பற்றிய பகுதியை ஏற்கிறேன். குடிநீர் விஷயத்தில் ஏற்கவில்லை. டிசிபியின் நச்சு குறைவு என்பது உடனடிச் சாவைப் பற்றிய எண். கிணற்றில் டிசிபி இருப்பது, மேலே மூல மருந்து இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது என்பதற்கான தடயமும்கூட. அளவு மாதாமாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால், ஊற்று வயலிலிருந்தா மோட்டார் ரூமிலிருந்தா என்பதும் பிடிபடும்.

செலவைக் குறைக்க என் யோசனை: நீரில் டிசிபி, ஆர்471811, குளோர்பைரிபாஸ் மூன்று மட்டும். மேல்மண்ணில் எண்டோசல்பான் மூன்று வடிவமும், கூடவே டிடிஈயும். பருத்தி நிலத்தில் டைக்கோபால் என்ற சிலந்திப்பேன் மருந்து அடித்திருந்தால் அது டிடிடியிலிருந்து தயாரிப்பது, டிடிடி மாசோடு வரும். டிடிஈ வந்தால் சீமைச்சுரைக்காய், அதே இனத்துப் பரங்கி வகைகளை அந்தப் பாத்தியில் போடாதீர்கள், அவற்றின் வேர் டிடிஈயை மற்ற பயிர்களைவிட அதிகமாக இழுத்துக் காய்வரை ஏற்றும். ஈடியூ, மேங்கோசெப் அடித்து ஓரிரு மாதத்துக்குள் என்றால் மட்டும் பாருங்கள். போரேட் ஒருமுறை.

இயற்கைச் சான்றிதழுக்கு ஒருபருவப் பயிருக்கு இரண்டு ஆண்டு மாற்றுக்காலம் வைத்திருக்கிறார்கள். குளோர்பைரிபாஸுக்கு அது போதும். எண்டோசல்பான் சல்பேட்டுக்கும் டிடிஈக்கும் அந்தக் கெடு பொருந்தாது, ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொன்று. அந்த மோட்டார் ரூமுக்குள் பழைய டப்பாக்கள் இருந்தால் "மீதம் இருக்கிறதே" என்று யாரும் எடுத்துப் பயன்படுத்த விடாதீர்கள். மருந்து டப்பாவுக்குள்ளேயும் சிதையும். மாலத்தியான் பொடி வெப்பத்தில் கிடந்தால் ஐசோமாலத்தியான் உண்டாகும். மாலத்தியானை உடம்பு சமாளிக்க உதவும் நொதியையே அது முடக்கிவிடும். 1976-ல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்குத் தெளித்த தொழிலாளர்களில் ஏறக்குறைய 2800 பேர் நஞ்சேறி, 5 பேர் இறந்தது இதனால்தான். மேங்கோசெப் பாக்கெட் ஈரம் பட்டுக் கட்டியாகியிருந்தால் உள்ளே ஈடியூ சேர்ந்திருக்கும். கையுறை, மூக்கு மூடியோடு எடுத்து, டப்பாவோடு இரட்டைப் பையில் கட்டி, மேலே பெயர் எழுதிக் கிணற்றிலிருந்து தூரமான சிமெண்ட் தரையில் பூட்டி வையுங்கள். அபாயக் கழிவு எடுக்கும் அனுமதி உள்ளவர் யார் என்று மாவட்ட மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். குழியில் புதைப்பதும் எரிப்பதும் வேண்டாம். விற்பவரிடம் பேசும்போது இந்த டப்பாக்களை அப்புறப்படுத்துவதையும் கிரயத்துக்கு முந்தைய நிபந்தனையாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.